மெர்டேக்கா வந்த வருஷம்

எண்பதுகளின் நடுவில் சிலாங்கூரில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் கூண்டில் ஏறினால் அவர்களுக்கும் நீதிபதிக்கும் நடுவே நின்று பேச வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். கள்ளுக்கடை அடிதடி, லைசென்ஸ் இல்லாத மோட்டார் சைக்கிள், ஒட்டுப்பால் திருட்டு, இவைதான் கேஸ்கள். அன்றைக்கு வந்தவர் மேல் ஒட்டுப்பால் கேஸ். அறுபதைத் தாண்டிய மனிதர். சட்டையின் மேல் பித்தானைக் கழுத்து இறுகப் போட்டிருந்தார். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அரசாங்கத் தரப்புச் சாட்சி அந்தத் தவணைக்கும் வரவில்லை. நீதிபதி ஃபைலை மூடிவிட்டு, "டிலெப்பாஸ் தன்பா டிபேபாஸ்கான்" என்றார்.

தீர்ப்புகளிலேயே மொழிபெயர்க்கச் சங்கடமானது அது. ஆளை வெளியே விடுகிறோம், ஆனால் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கவில்லை என்று அர்த்தம். சாட்சி கிடைத்தால் அரசாங்கம் மறுபடியும் கூப்பிடலாம். இதைத் தமிழில் சொல்லப்போனால் விடுதலை, விடுவிப்பு என்று ஒரே வேரில் போய் மாட்டிக்கொள்வேன். நான் கடைசியில் தோட்டத்துப் பேச்சிலேயே சொன்னேன்.

"உங்கள விட்டுட்டாங்க பெரியவரே. ஆனா கேஸ் முடியல. மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நமக்கு மெர்டேக்கா இல்லையா தம்பி?"

நீதிபதி மலாய்க்காரர், இளைஞர். நாங்கள் பேசியதில் அந்த ஒரு சொல் மட்டும் அவர் காதில் விழுந்துவிட்டது. என்ன கேட்கிறார் என்றார். சொன்னேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பெலும் லாகி" என்றார். இன்னும் இல்லை.

மலாய் மொழியில் இந்த விஷயத்துக்குப் பல சொற்கள் உண்டு. தமிழில் சிறைக்கதவு திறந்தாலும் விடுதலை, நாடு கைமாறினாலும் விடுதலை. அவர்கள் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். லெப்பாஸ் என்றால் பிடி விட்டது. கயிறு அவிழ்ந்த மாடும் லெப்பாஸ்தான், கையிலிருந்து நழுவிய பட்டமும் லெப்பாஸ்தான். 'லெப்பாஸ் கெர்ஜா' என்றால் வேலை முடிந்த பிறகு. பேபாஸ் என்றால் தடை இல்லை. லங்காவியில் வரி இல்லாமல் விற்கும் சாக்லேட்டுக்கும் அந்தச் சொல், ஒருவன் நினைத்ததை எழுதும் உரிமைக்கும் அந்தச் சொல். காசு வாங்காமல் கொடுத்தால் பெர்ச்சுமா. வீணாய்ப் போனாலும் பெர்ச்சுமா. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் பிழைக்கத் தெரிந்தவன். மெர்டேக்கா இவற்றோடு சேராமல் தனியே நிற்கும். மாட்டை லெப்பாஸ் செய்யலாம், மெர்டேக்கா செய்ய முடியாது. குற்றவாளியைப் பேபாஸ் செய்யலாம், அவனுக்கு மெர்டேக்கா என்று எந்த நீதிபதியும் எழுதமாட்டார். அது நாட்டுக்கு உரியது. அதற்கு முன்னால், எவனுக்கும் உடைமையாக இல்லாத மனிதனுக்கு உரியதாக இருந்தது.

பெரியவர் கேட்டது மலாய் இலக்கணப்படி பிழை. ஆனால் தோட்டத்துத் தமிழில் அந்தச் சொல் தன் இஷ்டத்துக்கு வாழ்ந்து வந்திருக்கிறது.

நான் பிறந்தது 1955இல், காப்பாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். எங்கள் பக்கத்தில் மெர்டேக்கா என்பது முதலில் ஒரு காலக் கணக்கு. வெள்ளைக்காரன் காலம், ஜப்பான்காரன் காலம், கம்யூனிஸ்டு காலம், பிறகு மெர்டேக்கா. யாருக்கும் பிறந்த தேதி சரியாகத் தெரியாது. "அவ மெர்டேக்காவுக்கு மூணு தீபாவளிக்கு முந்திப் பொறந்தவ" என்பார்கள். கோயில் கொட்டகை போட்டது மெர்டேக்கா வந்த வருஷம். பெரிய கங்காணி செத்தது மெர்டேக்காவுக்கு அடுத்த வருஷம். 'சுதந்திரத்துக்கு முந்தி' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் சுதந்திரம் என்றுதான் எழுதின, பள்ளிக்கூடத்து வாத்தியாரும் சுதந்திரம் என்றுதான் கரும்பலகையில் எழுதினார். லயத்துக்குள் அந்தச் சொல் நுழையவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்ததாக நினைக்கிறேன். அந்தச் சொல்லில் ஏற்கெனவே வேறு நாடு குடியிருந்தது. சுதந்திரம் என்றால் 1947. சுவரில் மாட்டியிருந்த காந்தி, நேரு படங்கள். அதற்கும் முந்தி இன்னொரு சொல் வந்து போயிருந்தது: ஆசாத். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது பால்மரக் காட்டிலிருந்து பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனார்கள். ஜான்சி ராணிப் படைக்குப் பெண்பிள்ளைகளும் போனார்கள். என் தாத்தாவின் தம்பி அதில் சேர்ந்து பர்மா எல்லைவரை போய்த் திரும்பியவர். சாகும்வரை வணக்கம் சொல்லமாட்டார், 'ஜெய்ஹிந்த்'தான். ஆக, எங்கள் சனங்களுக்கு இரண்டு முறை இன்னொரு நாட்டுக்காக விடுதலை வந்து போயிருந்தது. மூன்றாவதாக, தாங்கள் நின்ற மண்ணுக்கே வந்ததை அந்த மண்ணின் பேரிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அது வந்த இரவைப் பற்றி எனக்கு நினைவில்லை, இரண்டு வயது. அப்பா சொன்னதுதான். பின்னால் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரி 20ஆம் தேதி லண்டனிலிருந்து திரும்பி மலாக்காத் திடலில் தேதியை அறிவித்ததிலிருந்தே பேச்சாகத்தான் இருந்ததாம். 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் கோலாலம்பூர் கிளப் திடலில் பிரிட்டிஷ் கொடியை இறக்கினார்கள். மறுநாள் காலை, அதற்காகவே கட்டிய மெர்டேக்கா ஸ்டேடியத்தில் துங்கு கையை உயர்த்தி ஏழு முறை மெர்டேக்கா என்றார். எங்கள் தோட்டத்தில் ரேடியோ கிராணி வீட்டில்தான். அவர் வாசலில் கூட்டம் உட்கார்ந்து கேட்டது. துங்கு பேசியது பாதிப் பேருக்குப் புரியவில்லை, அந்த ஏழு சத்தம் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது என்பார் அப்பா. தோட்டத்தைச் சுற்றி அப்போதும் முள்கம்பி வேலி இருந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று 1948க்குப் பிறகு போட்ட வேலி. அவசர காலச் சட்டம் 1960 வரை எடுக்கப்படவில்லை. நாடு மெர்டேக்கா ஆன ராத்திரியிலும் கேட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதை அப்பா ஒவ்வொரு முறையும் தவறாமல் சேர்த்துக்கொள்வார். அவருக்கு அந்த விவரத்தில் ஒரு கசப்பும் இருந்தது, கொஞ்சம் வேடிக்கையும் இருந்தது.

துங்குவின் வாயில் சாந்தமாக ஒலித்த சொல் பத்து வருஷம் முந்தி அபாயமான சொல்லாக இருந்தது என்பது எனக்குக் கோர்ட்டு வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். பழைய ராஜத்துரோக வழக்குகளைப் படிக்கும் ஆசை எனக்கு. 1947இல் அகமது புஸ்தாமாம் என்ற இளைஞர் மேல் ஒரு வழக்கு. அவர் நடத்திய 'அப்பி' என்ற இளைஞர் இயக்கத்தின் கோஷம் 'மெர்டேக்கா டெங்கான் டாரா', ரத்தம் சிந்தி மெர்டேக்கா. வழக்கு அந்த இயக்கத்தின் கொள்கைப் பிரசுரத்துக்காக. குற்றம் நிரூபணமாகி அபராதம் போட்டார்கள், அதே ஆண்டு இயக்கத்துக்கும் தடை வந்தது. அம்னோ கட்சிக்கு அப்போது கோஷம் 'ஹீடுப் மெலாயு', மலாய்க்காரர் வாழ்க. 1951இல்தான் அவர்கள் அதை விட்டு மெர்டேக்காவுக்கு மாறினார்கள். தெருவில் கத்தியவர்களிடமிருந்து மேடையில் நின்றவர்களுக்குச் சொல் கைமாறியது. தென்பக்கம் ஜாவாவில் அது 1945லேயே துப்பாக்கியோடு சேர்ந்துவிட்டது. 'மெர்டேக்கா அல்லது மரணம்' என்று சுவரெல்லாம் எழுதி டச்சுக்காரனோடு நாலு வருஷம் சண்டை போட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் ஐந்து விரலையும் விரித்துக் கையைத் தூக்கி மெர்டேக்கா சொல்வது அங்கே வணக்கமாகவே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மெர்டேக்கா என்றால் பன்னும் சிரப்புத் தண்ணியும். ஆகஸ்டு கடைசியில் தலைமையாசிரியர் கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று கையை உயர்த்துவார். நாங்கள் ஏழு முறை கத்த வேண்டும். ஐந்தாவதிலேயே சிரிப்பு வந்துவிடும். ஏழு முடிந்தும் ஒருவன் எட்டாவதாகக் கத்துவான். எல்லா வருஷமும் யாராவது ஒருவன் இருப்பான். அவனுக்குப் பன் கிடையாது.

தமிழ்ப்பள்ளி முடித்து 1968இல் டவுன் பள்ளிக்கூடத்தில் ரிமூவ் கிளாஸில் சேர்ந்தேன். தாய்மொழிப் பள்ளியிலிருந்து வந்தவர்களை ஒரு வருஷம் மொழிக்காகத் தேக்கி வைக்கும் வகுப்பு அது. மலாய் வாத்தியார் ஒருவர் இருந்தார். வெற்றிலை போட்ட வாயோடு வகுப்புக்கு வருவார். ஒருநாள் 'மெமெர்டேக்காகான்' என்று பலகையில் எழுதி அர்த்தம் கேட்டார். நாட்டுக்கு விடுதலை கொடுப்பது என்று ஒரு சீனப் பையன் சொன்னான். வாத்தியார் தலையை ஆட்டிவிட்டுப் பிலால் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மக்காவில் கறுப்பு அடிமை. பாலைவன வெயிலில் நெஞ்சின் மேல் பாறையை வைத்து அவரை வதைத்தார்கள். அபூபக்கர் போய் எஜமானனுக்கு விலை கொடுத்து வாங்கி விட்டுவிட்டார். அதற்கு மலாயில் சொல்வது, அபூபக்கர் பிலாலை மெமெர்டேக்காகான் செய்தார் என்று. இன்றைக்கும் மதநூல்களில் அடிமையை விடுவிப்பதைச் சொல்ல அந்தச் சொல்தான். பழைய மலாக்காச் சட்டத்தில் மனிதர்களே இரண்டு வகையாக வருவார்கள்: ஹம்பா, அதாவது அடிமை, இன்னொருவன் மெர்டஹேக்கா. ஒரே குற்றத்துக்கு இவனுக்கு ஒரு தண்டம், அவனுக்கு வேறு தண்டம்.

வகுப்பு முடிந்து நான் அவரிடம் போய், துங்கு கத்தினபோது அந்த அர்த்தத்தில்தான் கத்தினாரா என்று கேட்டேன். "நீ தோட்டத்துப் பிள்ளையா?" என்றார். ஆமாம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் விட்டதைப் பல வருஷம் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

வேலைக்குப் போன பிறகு அகராதி பார்க்கும் பைத்தியம் பிடித்தது. மெர்டேக்கா நம் கரையிலிருந்து போன சொல். சமஸ்கிருதத்தில் மஹர்த்திக: பெருஞ்செல்வம் உடையவன், பெரும் ஆற்றல் உடையவன். தீவுகளுக்குப் போனதும் அது இறங்கி வந்து, யாருக்கும் கட்டுப்படாதவன் என்று ஆயிற்று. பிலிப்பைன்ஸில் அதே சொல் மஹர்லிகா ஆகி, படைக்குப் போகும் ஒரு வகைச் சுதந்திரக் குடிகளைக் குறித்தது. பணக்காரனைக் குறித்த சொல் எப்படி விடுபட்ட அடிமைக்குப் போனது என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அடிமையின் கண்ணில், தன் கூலியைத் தானே எண்ணிப் பையில் போடுகிறவன் பணக்காரன்தான்.

அந்தச் சொல்லைப் பின்தொடர்ந்து போய்த்தான் ஒரு விடுமுறையில் ஜகார்த்தாவின் வடகோடியில் துகு என்ற இடத்தைப் பார்த்தேன். கன்டெய்னர் லாரிகள் இரைந்து போகும் துறைமுகச் சாலை. அதற்கு உள்ளே வெள்ளையடித்த சின்னத் தேவாலயம், 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம், பக்கத்தில் கல்லறைகள். கல்லறைகளில் போர்த்துகீசிய, டச்சுப் பேர்கள். இந்த மக்களின் மூதாதையரை டச்சுக்காரர்கள் 'மர்டைக்கர்' என்றார்கள். மெர்டேக்கா ஆட்கள் என்பதைத்தான் அவர்கள் நாக்கு அப்படிச் சொன்னது. போர்த்துகீசியரிடம் அடிமையாக இருந்து, ஜகார்த்தாவின் பழைய பேரான பட்டாவியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிராட்டஸ்டன்ட் மதத்தில் சேர்ந்து விடுதலை பெற்றவர்கள். எங்கிருந்து கொண்டுவந்தார்கள்? மலபார், வங்காளம், சோழமண்டலக் கரை.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் நம் கரையிலிருந்து ஆட்களை வாங்கிக் கப்பலேற்றியது பதிவில் உள்ள சங்கதி. 1659 தொடங்கித் தஞ்சைச் சீமையில் போர், பஞ்சம். பிள்ளைகளை விற்றார்கள், தங்களையும் விற்றுக்கொண்டார்கள். நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து கப்பல்கள் போயின. ஆக, துங்கு கையை உயர்த்துவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இந்தத் தீவுகளில் மெர்டேக்கா என்று பேர் வாங்கியவர்களில் தமிழ்நாட்டுக் கரைக்காரர்களும் கலந்திருந்தார்கள். துகுவில் இருந்த ஒரு பெரியவர் கேரொன்சோங் பாட்டுக் கிதாரை எடுத்து வாசித்துக் காட்டினார். போர்த்துகீசியச் சாயலில் ஏதோ பாடினார். அவர் முகத்தில் எங்கள் பக்கத்து முகத்தைத் தேடினேன், இருந்ததாக எனக்குத் தோன்றியது. தேடிப் போகிறவனுக்கு எல்லா முகத்திலும் அது தெரியும்.

என் தாத்தாவிடம் ஒரு ராலி சைக்கிள் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாய் நிறுத்தி, அவர் கார் போகும்வரை நிற்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் தவறாக நடப்பதை நிறுத்துவது. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஒன்று, துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளில் போகும் உரிமை. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, சுட்டது, சனங்கள் செத்தார்கள். தாத்தா அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்கே நின்றார், யார் முதலில் கல்லை எடுத்தது, எல்லாம் சொல்வார்.

அதே தாத்தா அறுபதுகளிலும் சைக்கிளை விட்டு இறங்கினார். நான் முன்கம்பியில் உட்கார்ந்து போவேன். தூரத்தில் கார் சத்தம் கேட்டதுமே பெடல் நின்றுவிடும். யாரும் இறங்கச் சொல்வதில்லை. அப்போது வெள்ளைத் துரைகூட இல்லை, மலையாளத்துத் துரை. அவர் கையை ஆட்டி, வேண்டாம் போங்கள் என்பார். தாத்தா இறங்கி நிற்பார். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு அப்பா கத்தினார்.

"மெர்டேக்கா வந்து எத்தன வருஷமாச்சு, இன்னுமா எறங்குறீங்க?"

"தோட்டம் இன்னும் லண்டன்காரனோடதுதானேடா" என்றார் தாத்தா.

விவரம் தெரிந்துதான் சொன்னார். நாடு கைமாறினாலும் பெரிய தோட்டங்கள் பிரிட்டிஷ் கம்பெனிகளிடமே இருந்தன. 1981 செப்டம்பரில் ஒரு காலையில் லண்டன் பங்குச் சந்தையில் புகுந்து கத்ரி கம்பெனியை மலேசிய அரசு நிறுவனம் வளைத்துப் பிடித்தபோதுதான் அந்தக் கணக்கு ஓரளவு முடிந்தது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். அப்பா ஹோண்டா மோட்டார் வாங்கினார், எவருக்கும் இறங்கியதில்லை. துரை காருக்கு வேண்டுமென்றே ஹாரன் அடிப்பார்.

அப்பாவுக்கு வேறொரு பிடிவாதமும் இருந்தது. மெர்டேக்காவை ஒட்டித் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். தோட்டம் விற்றால் லயமும் போகும், வேலையும் போகும். வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளே சேர்ந்து தோட்டத்தை வாங்கலாம் என்று ஒவ்வொரு லயமாய் நடந்து சொன்னார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்க வேண்டும். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியே விட்டார்கள் என்ற செய்தி வந்த நாளைச் சொல்லி, தன் தலைமுறையில் கண்ட மெர்டேக்கா அதுதான் என்பார் அப்பா. எங்கள் தோட்டம் வாங்கப்படவில்லை. இருந்தாலும் பத்து வெள்ளி போய்க்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு அதில் கோபம். எங்கேயோ கெடாவில் இருக்கும் மரத்துக்கு நாம் ஏன் காசு கட்ட வேண்டும் என்பாள். அவள் கேட்டதும் சரிதான், அரிசிப் பானையைப் பார்க்கிறவள் அவள்.

அப்பாயியிடம் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. மெர்டேக்காவுக்குப் பிந்திய முதல் வருஷத்தில் ஓடி ஓடிப் பதிந்தவர்கள் பலர். தாத்தா பதியப் போகவில்லை, அப்பாயியையும் விடவில்லை. 'ஊருக்குத்தானே போகப் போறோம்' என்று நாற்பது வருஷமாகச் சொன்னதையே சொன்னார். 1968இல் சட்டம் வந்தது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று. 1969 மே கலவரத்துக்குப் பிறகு அதை இறுக்கினார்கள். எங்கள் லயத்திலிருந்தே குடும்பங்கள் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் ரஜூலா கப்பலேறிப் போயின. பின்னால் போர்ட் கிள்ளான் என்று பேர் மாறியது அந்தத் துறைமுகம்தான். மலாயாவில் பிறந்து, மலாயாவில் மரம் சீவி, ஒருமுறைகூட இந்தியாவைப் பார்க்காதவர்கள் 'ஊருக்குத் திரும்பினார்கள்'. அந்த வருஷத்தை மட்டும் யாரும் மெர்டேக்காவை வைத்துக் கணக்குச் சொல்வதில்லை.

அப்பாயி போகவில்லை. தாத்தா செத்த பிறகு அப்பா அவளுக்காக மனுப் போட்டார். நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி மரியாதையான மனிதர், 'மக் சிக்' என்று அத்தை முறை வைத்தே கூப்பிட்டார். மலாய் தெரியுமா என்று பார்க்க அவர் எடுத்த முதல் கேள்வியே, மெர்டேக்கா எப்போது கிடைத்தது என்பது. அப்பாயிக்குத் தெரிந்தது பசார் மலாய். நிமிர்ந்து உட்கார்ந்து, "இத்து தாஹுன் சாயா பூஞா அனாக் மாத்தி" என்றாள். என் பிள்ளை செத்துப்போன வருஷம். அப்பாவுக்கு இளையவர் ஒருவர் இருந்து காய்ச்சலில் போனார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதிகாரி அதற்கு மேல் கேட்கவில்லை.

நீல அட்டை நீண்ட காலம் கழித்து வந்தது. 1982 பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணியின் தராசுச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "தராசுல குத்தினேன். நிறுத்துக் குடுப்பானுங்களான்னு தெரியல" என்றாள்.

சரவாக்கிலிருந்து வந்த ஒரு நண்பர் கோர்ட்டில் என்னோடு வேலை பார்த்தார். ஆகஸ்டு 31 வந்தால் அவருக்கு எரிச்சல் வரும். உங்கள் மெர்டேக்காவை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்பார். 1957இல் சரவாக் இதில் இல்லையே, மலேசியா பிறந்ததே 1963 செப்டம்பர் 16இல்தானே. அந்த நாளுக்கு நாடெங்கும் பொது விடுமுறை கொடுக்க 2010 ஆனது. சொல்லுக்கு எல்லை உண்டு என்பதை அவரிடம்தான் படித்தேன். அச்சேயில், பாப்புவாவில் அதே சொல்லைச் சொல்லிச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. எங்கள் ஊரில் அது தள்ளுபடி விற்பனைக்குப் பேர். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இப்போது மெர்டேக்கா 118 நிற்கிறது, 678.9 மீட்டர், உலகின் இரண்டாவது உயரமான கட்டடம். கோபுரத்தின் வடிவத்தில் துங்கு கையை உயர்த்திய காட்சியை வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்குக் கை தெரியவில்லை, நிறையக் கண்ணாடி தெரிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஆகஸ்டு நடுவில் பிறந்த தோட்டத்தைப் பார்க்கப் போனேன். பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. கோயில் இருந்தது, பூட்டியிருந்தது. எங்கள் லயத்தில் இரண்டு வரிசை மட்டும் மிச்சம். அங்கே ஒரே சத்தம். சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு பையன்கள் குதித்து ஓடினார்கள். கிரீஸ் தடவிய கம்பத்தில் ஏறி ஒருவன் வழுக்கி விழுந்தான். கயிற்றில் தொங்கிய கெருப்புக் அப்பளத்தைக் கையைக் கட்டிக்கொண்டு கடித்தார்கள். அன்று ஆகஸ்டு 17. இந்தோனேசியத் தொழிலாளிகளின் மெர்டேக்கா நாள். சிவப்பு வெள்ளைக் கொடியை, என் அம்மா துணி காயப்போட்ட கம்பியில் கட்டியிருந்தார்கள்.

லொம்பொக் தீவுக்காரன் ஒருவன் எனக்குக் காப்பி கொண்டுவந்தான். முப்பது வயது இருக்கும். நான் இங்கே பிறந்தவன் என்றதும், எந்த வீடு என்று கேட்டுக் கூட்டிப்போய்க் காட்டினான். அங்கே இப்போது அவனும் இன்னும் ஐந்து பேரும் இருக்கிறார்கள். ஊருக்குப் போய்வருவீர்களா என்று கேட்டேன். பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது, ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய கடன் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "தாஹுன் டெப்பான் சாயா மெர்டேக்கா, பாக்" என்றான். அடுத்த வருஷம் எனக்கு மெர்டேக்கா.

ஒப்பந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தான், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதலாளி விரும்பினால் இன்னும் ஒரு வருஷம் நீட்டலாம் என்று ஐந்தாவது பக்கத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. அதற்கு உன் சம்மதமும் வேண்டும், கையெழுத்துப் போடாதே, போடச் சொன்னால் தொழிலாளர் இலாகாவுக்குப் போ என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவன் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். எழுந்து, கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு உறையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். இருட்டும்வரை படித்துச் சொன்னேன். காப்பி மட்டும் வந்துகொண்டே இருந்தது.